ஓஆர்டிக்கு முன்னால் சாமான் கணக்கு

சிங்கப்பூரில் என்எஸ் என்கிற தேசிய சேவையை முடிக்கப்போகிற எந்தப் பையனைக் கேட்டாலும், ஓஆர்டிக்கு, அதாவது முழுநேர சேவை முடிகிற நாளுக்கு, இன்னும் எத்தனை நாள் என்று தூக்கத்தில்கூடச் சொல்வான். அவன் பெயரில் முகாமின் சாமான் கிடங்கான ஸ்டோரில் எத்தனை சாமான் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள், முழிப்பான். நாள் கணக்கைவிட சாமான் கணக்குதான் முக்கியம் என்பது என் கட்சி. ஸ்டோர்மேனாக இருந்தவன், வேறு எப்படிப் பேசுவேன்?

வெளியூர் வாசகர்களுக்கு நாலு வரி. 1967-லிருந்து இங்கே ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். ராணுவம், போலீஸ், குடிமைத் தற்காப்புப் படை என்று மூன்றில் ஒன்றுக்கு அனுப்புவார்கள். இப்போது எல்லாருக்கும் இரண்டு வருஷம். 2004 வரை கார்ப்பரலுக்கும் அதற்கு மேலே இருந்தவர்களுக்கும் இரண்டரை வருஷம். என் அப்பா அந்த ரகம். நான் எதற்காவது அலுத்துக்கொண்டால் போதும், அந்த ஆறு மாதத்தை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்.

2016-ல் பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தேன், 2018-ல் வெளியே வந்தேன். தெக்கோங் தீவுக்கு ஃபெரி, மொட்டை, அடிப்படைப் பயிற்சி, 24 கிலோமீட்டர் நடை, கடைசியில் தொப்பியை ஆகாயத்தில் வீசுவது, இதையெல்லாம் பற்றி எழுதாத ஆள் இல்லை. அதனால் விட்டுவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் முழங்கால் கொஞ்சம் தகராறு செய்ய, என்னை ஒரு முகாமின் ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

ஸ்டோர் என்றால் போர்வை, மெத்தை, கூடாரம், ஜெரிகேன் (பிடி வைத்த பெரிய கேன்), மண்வெட்டி, ரேஷன் பொட்டலம். காட்டுக்குப் பயிற்சிக்குப் போகும் முன் எண்ணி லாரியில் ஏற்ற வேண்டும், சேறும் செம்மண்ணுமாகத் திரும்பி வந்ததும் எண்ணி இறக்க வேண்டும். மேலே ஒரு எஞ்சிக். வாரண்ட் ஆபிசர்களை நாங்கள் அப்படித்தான் மலாயில் கூப்பிடுவோம். அணிவகுப்புக் கட்டளைகளும் மலாய்தான், 'செடியா' என்றால் விறைத்து நிற்க வேண்டும். எங்கள் எஞ்சிக் கோபப்பட்டால் மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் மூன்றிலும் திட்டுவார். என்னைப் பார்த்து "ஐயோயோ" என்று தமிழிலும் ஒன்று சேர்த்துக்கொள்வார்.

அந்த கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் ஒவ்வொரு பேட்ச்சும் கிளியரன்ஸ் செய்வதை, அதாவது போகும் முன் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி (படைப்பிரிவை அப்படித்தான் சொல்வோம்) ஆபிசில் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். துப்பாக்கியை ஒப்படைத்ததற்கு ஆர்ம்ஸ்கோட் என்கிற ஆயுதக் கிடங்கில் ஒரு கையெழுத்து, ரேடியோ கருவி எதுவும் கையில் இல்லை என்று சிக்னல் ஸ்டோரில் ஒன்று, எங்கள் ஸ்டோரில் ஒன்று, படுக்கை, கப்போர்ட் சாவி என்று பங்க்குக்கு, அதாவது தங்கும் அறைக்கு, ஒன்று. எழுதிப் பார்த்தால் ஒரு காலை வேலைதான். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருப்பார். அவர் வந்தால் அடுத்தவர் காட்டில் இருப்பார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் யாரையும் தேடாதீர்கள். பக்கத்து முகாமில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போய்விடாதீர்கள், அந்த நேரத்தில் அவர் இங்கே வந்திருப்பார்.

ஒரு பையன், நல்ல சிப்பாய் என்று பெயர் வாங்கியவன், கடைசி நாளுக்கு முதல் நாள் வந்து மடக்கு மண்வெட்டியின் உறையை மட்டும் கவுண்டரில் வைத்தான். மண்வெட்டி எங்கே என்றேன். "ஃபீல்ட் கேம்ப்ல இருந்துச்சுண்ணே" என்றான். அது ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய சங்கதி! எஞ்சிக் எட்டிப் பார்த்தார், உறையைத் தூக்கி ஆட்டினார், ஒன்றும் பேசாமல் தொலைந்த பொருளுக்கான படிவத்தை நீட்டினார். பையன் அதற்குக் காசு கட்டினான். காசு பெரிதில்லை. ஆனால் அன்று மாலை அவன் நண்பர்கள் எல்லாரும் கூட்டாகச் சாப்பிடப் போனபோது, இவன் ஸ்டோர் வாசலில் நின்று நடந்ததை விளக்கி எழுதிக்கொண்டிருந்தான். இதை மூன்று மாதம் முன்னாலேயே செய்திருந்தால் எஞ்சிக் இரண்டு மொழியில் திட்டுவதோடு முடிந்திருக்கும்.

என் முறை வந்தபோது சிக்கல் வேறு மாதிரி. ஸ்டோர்மேன் சும்மா போய்விட முடியாது. அடுத்து வருகிற பையனிடம் மொத்த ஸ்டோரையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். அதை ஹோட்டோ என்போம். புதுப் பையன் பதிவேட்டைப் படிக்க, நான் எண்ண, எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. ஜெரிகேனில் ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினோம். அலமாரிக்குப் பின்னால், லாரியில், தோட்டத்துப் பக்கம் எல்லாம் தேடினோம். எஞ்சிக் தலையைச் சொறிந்துவிட்டு, "லோன் ஃபைலைப் பார்" என்றார். பழைய ஃபைலின் அடியில் ஒரு இரவல் சீட்டு இருந்தது. நான் சேர்வதற்கும் முன்னால் வேறொரு கம்பெனி வாங்கிப்போனது. போய்ப் பார்த்தால், எங்கள் ஜெரிகேன் அவர்கள் பங்க் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து நின்றது. பெயின்ட்டில் எங்கள் எண் பளிச்சென்று தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு முகாம் நடுவில் நடந்து வந்தபோது இருந்த பெருமிதம் எனக்கு வேறு எந்த அணிவகுப்பிலும் இருந்ததில்லை.

லீவு பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 14 நாள் உண்டு. அதைக் கடைசி வரை பொத்திப் பொத்தி வைத்து, ஓஆர்டிக்கு முன்னால் மொத்தமாக எடுத்து வீட்டில் கிடப்பது என்பது இங்கே பலர் வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கையெழுத்து வாங்க முகாமில் இருக்க வேண்டுமே. லீவுக்கு நடுவில் பாதி நாள் வந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். நான் சில நாளை முன்பே எடுத்து பல்கலைக்கழக நேர்காணலுக்கும் வேலை தேடுவதற்கும் பயன்படுத்தினேன். இன்னொன்று, மாதா மாதம் 10-ஆம் தேதி அலவன்ஸ் விழுந்து பழகியிருக்கும். அது நின்றதும் வகுப்பு தொடங்குகிற ஆகஸ்ட் வரை கை வறண்டுவிடும். 2017-ல் தேசிய சேவையின் 50-ஆம் ஆண்டுக்கு எல்லாருக்கும் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அப்படித்தான் சொல்வோம்) பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். அதுவும் நேரே அம்மா கைக்குப் போய்விட்டது.

காவல் பணி நாட்களையும் கடைசி மாதங்களுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீன நண்பன் 2017 தீபாவளிக்கு எனக்காக நின்றான். நான் தேக்காவில் (லிட்டில் இந்தியா) கூட்டத்தில் இடிபட்டு, அத்தை வீட்டில் முறுக்கு தின்றுவிட்டு வந்தேன். பதிலுக்கு அவனுடைய சீனப் புத்தாண்டுக்கு நான் கேட்டில் நின்றேன். அவன் அம்மா டப்பா நிறைய அன்னாசிப்பழ டார்ட் கொடுத்தனுப்பினார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் எனக்குத்தான் லாபம்.

அந்த நாள் வந்தது. அப்போதெல்லாம் சேரும்போது அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு '11பி' என்கிற ராணுவ அட்டையைத் தந்தார்கள். போகும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நம்முடைய பிங்க் அட்டையை வாங்க வேண்டியிருந்தது. இங்கே 15 வயதில் அட்டை எடுப்போம் என்பதால், கிளார்க் நீட்டியதில் எண்ணெய் வைத்து வாரிய தலையும் பள்ளிக்கூடச் சட்டையுமாக ஒருவன் இருந்தான். கிளார்க் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஷ்யூர் ஆ?" என்றார். சேவைச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு எஞ்சிக்கிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் புதுப் பையனை ஜெரிகேன் எண்ண வைத்துக்கொண்டிருந்தார்.

ஓஆர்டியோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பின் ரிசர்விஸ்ட், அதாவது கூப்பிடும்போது போய்ச் செய்கிற சேவை: பத்து வருஷச் சுழற்சி, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை கூப்பிடலாம். ஆண்டுதோறும் உடற்தகுதிச் சோதனை வேறு. அதில் தங்கத் தரம் வாங்கினால் 500 வெள்ளி, தேறாவிட்டால் கூடுதல் பயிற்சி. சீருடையும் பூட்ஸும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பூட்ஸ் விஷயத்தில் மட்டும் ஸ்டோர்மேன் சொல்வதைக் கேளுங்கள். பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தால் இந்த ஊர் ஈரப்பதத்துக்கு அடிப்பாகம் உளுத்துவிடும். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், முதல் நாள் நடையில் வாயைப் பிளந்துவிடும். என் முதல் ரிசர்விஸ்ட்டில் இரண்டு பேர் கருப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். மாதம் ஒரு முறை போட்டுக்கொண்டு வீவக அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி வாருங்கள். கூப்பிட்டுக் கடிதம் வந்ததும் கட்டைவிரலால் அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் ராணுவச் சாமான் கடையான இமார்ட்டில் கிரெடிட் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் உங்கள் அளவு இருக்காது.