ஹெட்ஜ் ஃபண்ட் வேலையும் அப்பாவோட பாத்திரக்கடையும்

நியூயார்க்ல எம்பிஏ சேந்தப்போ, கேம்பஸுக்கு கம்பெனி வரும், கோட்டு மாட்டிட்டு போய் உக்காந்தா வேலைன்னுதான் நானும் நெனச்சேன். பேங்குக்கும் கன்சல்டிங்குக்கும் அப்படித்தான் நடக்குது. ஆனா சின்ன ஹெட்ஜ் ஃபண்டுல, அதாவது பணக்காரங்க, பெரிய நிறுவனங்க காச வாங்கி முதலீடு பண்ற கம்பெனில, மொத்த அனலிஸ்ட்டே அஞ்சாறு பேருதான், ஒருத்தர் கெளம்பினாத்தான் ஒரு சீட்டு, அது எந்த மாசம்னு யாருக்கும் தெரியாது, அதனால நாமளாத்தான் மெயில் போட்டுக்கிட்டே இருக்கணும்.

யாருக்குப் போடுறதுன்னு கண்டுபிடிக்க 13எஃப்ங்கற அறிக்கைதான் கைகுடுத்துச்சு. 10 கோடி டாலருக்கு மேல அமெரிக்கப் பங்கு நிர்வகிக்கறவங்க, குவார்ட்டர் முடிஞ்சு 45 நாளுக்குள்ள என்னென்ன வச்சிருக்காங்கன்னு எஸ்ஈசிங்கற அமெரிக்கப் பங்குச்சந்தை கண்காணிப்பு அமைப்புகிட்ட அதுல சொல்லியாகணும், யார் வேணா பாக்கலாம். ஷார்ட், அதாவது விலை எறங்கும்னு கட்டற பந்தயம், அதுல இருக்காது, பாதி கதைதான். அந்தப் பாதிய வச்சுத்தான் ஆளுக்கேத்த மாதிரி எந்தப் பங்க வாங்கலாம், எத ஷார்ட் பண்ணலாம்னு ரெண்டு பக்க பிட்ச் எழுதி அனுப்பினேன். வெறும் ரெஸ்யூமேவ எவனும் தொறந்துகூட பாக்க மாட்டான்.

முதல் இன்டர்வியூவுக்கு ஒரு துணிக்கடை செயின ஷார்ட் பண்ணலாம்னு கொண்டு போனேன். கடைவாரியா சேல்ஸ், லீஸு, கடன் எல்லாம் போட்டு எக்ஸெல்ல பதினெட்டு ஷீட்டு. ஒரு வருஷத்துல 25% எறங்கும்னு சொன்னேன். போர்ட்ஃபோலியோ மேனேஜர் ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "பாரோ ஃபீ எவ்ளோ?"ன்னாரு. முழிச்சேன். ஷார்ட்னா பங்க இரவல் வாங்கி வித்துட்டு, விலை எறங்கினதும் வாங்கித் திருப்பிக் குடுக்கறது, அது வரைக்கும் வாடகை கட்டணும், நடுவுல டிவிடெண்ட் வந்தா அதுவும் நம்ம கைக்காசுதான். இதெல்லாம் பாடத்துல படிச்சதுதான், இந்தப் பங்குக்கு எவ்ளோன்னுதான் நான் பாக்கல. அவரே ஸ்க்ரீன திருப்பிக் காட்டினாரு, வருஷத்துக்கு 40%. நான் சொன்னது அப்படியே நடந்தாலும் நஷ்டம்தான். பதினெட்டு ஷீட்டும் அங்கேயே முடிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட ஃபோன்ல பொலம்பினேன். ஊர்ல வாடகைப் பாத்திரக்கடை வச்சிருக்காரு. ஷார்ட்னா என்னன்னு பாதி சொல்றதுக்குள்ள, "சரி, வாடகை எவ்ளோடா?"ன்னாரு. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

பேங்குக்குப் போன பசங்க படிப்பு முடியறதுக்கு முன்னாடியே கையெழுத்து போட்டுட்டாங்க. எனக்கு ஓபிடி, அதாவது படிப்பு முடிஞ்சதும் அங்க வேலை பாக்கக் குடுக்கற அனுமதி, ஓட ஆரம்பிச்சிருச்சு, அதுல வேலையில்லாம மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம், காலண்டர்ல தெனமும் அடிச்சுக்கிட்டு இருந்தேன். 71-வது நாள் ஒரு சின்ன ஃபண்டுலேர்ந்து ஆஃபர் வந்துச்சு. அங்க பிட்ச் பண்ணது ஷார்ட்டே இல்ல, தண்ணிக் குழாய்க்கு வால்வு செய்யற ஒரு போரான கம்பெனி, லாங், அதாவது விலை ஏறும்னு வாங்கி வைக்கறது.