ஃபோர்க் குழாயில் ஒரு வளையம்

காலையில் கார்பார்க்கில் பைக்கைத் தள்ளும்போதுதான் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாங்கி, குலுங்கலை வாங்கிக்கொள்ளும் ஃபோர்க் குழாயில் மோதிரம் போட்டதுபோல ஓர் எண்ணெய் வளையம்.

நல்லவேளை, பிரேக் டிஸ்க் வரை வழியவில்லை. பேடில் எண்ணெய் ஏறியிருந்தால் ஈர ரோட்டில் பிரேக் பிடித்திருக்காது.

மத்தியானம் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு வொர்க்‌ஷாப். மெக்கானிக் அண்ணன் ஃபோர்க்கிலிருந்த பழைய எண்ணெயை வடித்தார். கறுப்பாக, கெட்ட வாடையோடு வந்தது. எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீல் ரப்பர் கட்டையாய் இறுகியிருந்தது.

புதுசை உடனே போடவில்லை அவர். உட்குழாய் மேல் நகத்தை மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"தம்பி, இங்க தொட்டுப் பாருங்க."

கடுகளவுகூட இல்லை. ஒரு துருப்பொட்டு. ஃபோர்க் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் சீலின் உதட்டை அதுதான் அறுத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது சீல் போட்டால் மறுபடியும் ஒழுகும் என்றார்.

மெல்லிய உப்புத்தாளால் நிதானமாகத் தேய்த்தார். குழாய் முனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, எண்ணெய் தடவி, உதடு கிழியாமல் சீலை இறக்கினார். ஒழுகாத பக்கத்துக்கும் புது சீல். இரண்டிலும் எண்ணெய் ஒரே மட்டமா என்று அளந்து பார்த்தார்.

இது அப்பா ஓட்டிய வண்டி. 10 வருஷம் முடிந்து, வண்டி வைத்திருக்கத் தேவையான சிஓஇ உரிமத்தைப் புதுப்பித்தபோது "எதுக்குடா, ஸ்கிராப் போட்டுடு" என்று பலர் சொன்னார்கள். அந்த நகத்தை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். பழசைக் காப்பாற்ற அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது.

திரும்பும் வழியில் ஒவ்வொரு ஹம்ப்பிலும் முன்சக்கரம் மெத்தென்று இறங்கி எழுந்தது. புளோக்குக்குக் கீழே நிறுத்திவிட்டுக் குழாயைத் துடைத்துப் பார்த்தேன்.

துணியில் ஈரமே இல்லை, அப்பா.