பாஸ்தா மெஷின் வாங்குவதற்கு முன் மேடையை அளந்து பாருங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறை எட்டடிக்கு ஆறடி. அதில் கேஸ் அடுப்பு, மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், தண்ணீர் ஃபில்டர், அப்புறம் எதற்கு வாங்கினோம் என்றே நினைவில்லாத ஒரு சாண்ட்விச் டோஸ்டர். இவ்வளவும் போக மேடையில் மிஞ்சுவது சப்பாத்திக் கட்டை வைக்கிற இடம்தான். இந்த லட்சணத்தில் நான் பாஸ்தா மெஷின் வாங்கப் போகிறேன் என்று சொன்னதை வீட்டில் யாரும் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா மட்டும், "ஏண்டா, முறுக்கு உழக்கு இருக்கறப்ப இதுக்கு எதுக்குடா தனியா ஒரு மெஷினு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது, நடுவில் ஒரு மெஷினும் வீணாய்ப்போனது.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. பாஸ்தா செய்யும் சாதனங்கள் மொத்தமே இரண்டு வகைதான். ஒன்று, இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவைக் கொடுத்துத் தகடாக இழுத்து, அதைப் பிறகு நாடாவாக வெட்டுவது. இன்னொன்று, அச்சு வழியாகப் பிழிவது, அதாவது நம்ம இடியாப்ப உழக்கின் வேலை. இத்தாலியில் வெனெட்டோ பகுதியில் பிகோலி என்று தடியான நூல் பாஸ்தா ஒன்று உண்டு. அதைப் பிழிய ஒரு சின்ன பெஞ்சு, அதன் ஒரு முனையில் திருகுப் பிடி வைத்த பித்தளைக் குழாய், பெஞ்சின் மேல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து ஒருவர் பிடியைச் சுற்ற வேண்டும். படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாட்டி வீட்டுத் தேங்காய் துருவுபலகைதான் ஞாபகம் வந்தது.

சரி, உழக்கிலேயே முயன்று பார்த்துவிடுவோம் என்று மைதாவும் ரவையும் பிசைந்து பிழிந்தேன். கெட்டியாகப் பிசைந்தால் இறங்க மறுக்கிறது. தளர்த்தினால் இறங்குகிறது, ஆனால் கொதிக்கும் தண்ணீரில் விழுந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடுகிறது. அரிசி மாவு சொன்ன பேச்சு கேட்கும், அதில் குளூட்டன் என்கிற இழுபடும் புரதம் கிடையாது, கோதுமை மாவோ ரப்பர் மாதிரி எதிர்த்துத் தள்ளும், அதனால் அச்சுக்குள் அதைத் தள்ள பலமாக அழுத்துகிற திருகோ மோட்டாரோ வேண்டும். உழக்கின் கைப்பிடி வளைந்ததுதான் மிச்சம்.

பிழியும் வகையில் மின்சார மெஷினும் இருக்கிறது. பிலிப்ஸ் மாதிரியான கம்பெனிகள் செய்பவை, மாவையும் தண்ணீரையும் கொட்டினால் தானே பிசைந்து தானே வெளியே தள்ளும். நண்பர் வீட்டில் இரண்டு முறை அதில் சமைத்திருக்கிறேன். குறை சொல்ல முடியாத வசதி, அதிலும் குழந்தைகளுக்குக் குழாய் மாதிரி பென்னேதான் வேண்டும் என்றால் உருளை மெஷினால் அது முடியவே முடியாது, பிழிந்தால்தான் உண்டு. மாவுப் பதம் மட்டும் நமக்குப் பழகியதுதான்: புட்டுக்கு விரவுகிற மாதிரி, கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். இட்லி, சப்பாத்தி மாவு நினைப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினீர்களோ, உள்ளே எல்லாம் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

ஆனால் நான் அதை வாங்கவில்லை. கையடக்கம் என்று விற்கிற மாடலே மேடையில் கிரைண்டருக்குப் போட்டியாக உட்காருகிறது. அதைவிடப் பெரிய தொல்லை கழுவுவது. மாவு பிசையும் தொட்டி, உள்ளே சுற்றும் திருகு, அச்சு, அதை இறுக்கும் மூடி என்று ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டும், ஈர மாவை உடனே தேய்த்தால் பசையாக இழுக்கும், காயவிட்டுத் தட்டினால்தான் உதிரும். எங்கள் வீட்டுத் தொட்டியில் ஒரு குக்கரும் இரண்டு தட்டும் விழுந்தாலே நிரம்பிவிடும், அதில் இந்தப் பாகங்களை எங்கே காயப்போடுவது?

இன்னொரு காரணம், பென்னேயும் ஸ்பாகெட்டியும் கடையில் பாக்கெட்டில் கிடைப்பதே நன்றாக இருக்கிறது. அவை டியூரம் என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்தவை, இத்தாலியில் காய்ந்த பாஸ்தா டியூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். நல்ல கம்பெனிகள் வெண்கல அச்சில் பிழிந்து மெதுவாகக் காயவைப்பார்கள், மேல்புறம் சொரசொரப்பாக இருப்பதால் குழம்பு, அதாவது சாஸ், நன்றாகப் பற்றிக்கொள்ளும். வீட்டு மெஷினின் பிளாஸ்டிக் அச்சில் வழவழவென்று வருவதை அதோடு ஒப்பிடவே முடியாது. வீட்டில் செய்தால்தான் ருசி என்று சொல்லத்தக்கது முட்டை போட்டுப் பிசைந்த புது பாஸ்தா, லசான்யா தகடு, உள்ளே பூரணம் வைக்கும் ராவியோலி. இவற்றுக்கெல்லாம் உருளை மெஷின் போதும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பூரிக்கட்டையே போதுமே" என்றாள். அதுவும் வாஸ்தவம்தான், இத்தாலியில் போலோன்யா நகரத்துப் பக்கம் பாட்டிகள் இன்றைக்கும் நீளமான உருட்டுக்கட்டையில்தான் தேய்க்கிறார்கள், ஆனால் அந்தத் தகட்டை விரிக்க ஒரு பெரிய மரப்பலகை வேண்டும். நம்மிடம் இல்லாதது இடம்தானே.

முதல் மெஷினை ஆன்லைனில் விலை பார்த்து வாங்கினேன். எந்தக் கடை, எந்தப் பெயர் என்பதெல்லாம் வேண்டாம், அதே மெஷின் பத்துப் பெயர்களில் வருகிறது. இந்த மெஷின்கள் தானாக நிற்காது, மேடை விளிம்பில் ஒரு கிளாம்ப் போட்டு அடியில் திருகி இறுக்க வேண்டும். எங்கள் கிரானைட் மேடையின் முன்விளிம்பில் அழகுக்காக இன்னொரு கிரானைட் பட்டை ஒட்டி, தடிமனை இரட்டிப்பாக்கி, அடியில் கப்போர்டு கதவை அதை ஒட்டியே வைத்திருந்தார்கள். கிளாம்ப் உள்ளே நுழைய ஒரு விரல் இடம்கூட இல்லை. நான் அளக்கவில்லை. யாரும் அளக்கச் சொல்லவும் இல்லை, அதனால்தான் தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன். ஸ்கேல் எடுத்து விளிம்பின் தடிமனையும், விளிம்புக்கு அடியில் உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்பதையும் பாருங்கள், பிறகு கிளாம்ப் எவ்வளவு விரியும் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டு மேஜையில் மாட்டினோம். அது ஆடியது. என் மனைவி மேஜையைப் பிடித்துக்கொள்ள, நான் சுற்ற, மகள் தகட்டை ஏந்த, மூன்று பேர் சேர்ந்து நாலு பேருக்குச் சாப்பாடு செய்தோம். அதுகூடப் பரவாயில்லை, தகடு ஒரு ஓரம் தடியாகவும் மறு ஓரம் காகிதமாகவும் வந்தது, உருளைகள் இணையாக இல்லை. மாவில் சாம்பல் நிறக் கோடுகள் வேறு. புது மெஷினில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்பதால் முதல் இரண்டு உருண்டை மாவை ஓட்டித் தூக்கிப் போடுவது வழக்கம்தான், ஆனால் ஐந்தாவது உருண்டையிலும் கோடு நின்றபாடில்லை. கடைசியில் நானே அதற்கு முடிவு கட்டினேன்: குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். உள்ளே ஒட்டியிருந்த மாவெல்லாம் ஊறிக் கூழாகி இடுக்குகளில் போய் உறைந்தது, மூன்றாம் நாள் துரு, நாலாம் நாள் நாற்றம். கைச் சுற்று மெஷினுக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. மாவு காய்ந்த பிறகு பழைய பிரஷால் தட்டினால் போதும், தட்டாமல் விட்டால் எறும்பு வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவதாக இப்போது இருப்பது மார்கடோ அட்லஸ் 150, ஊரைக் காலி செய்து போன ஒரு குடும்பத்திடம் பழையதாக வாங்கினேன். இத்தாலியில் பதுவா நகரத்துக்குப் பக்கத்தில் செய்வது. 150 என்பது தகட்டின் அகலம் மில்லிமீட்டரில், 180-உம் உண்டு, சின்ன சமையலறைக்கு 150 தாராளம். ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் சதுரத்தில் அடங்கும், ஒரு பெரிய எவர்சில்வர் சம்படம் வைக்கிற இடம். எடை இரண்டரை கிலோ சுமார். பக்கத்துத் திருகில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து நிலை, எண் ஏற ஏறத் தகடு மெலியும். இன்னொரு பழைய இத்தாலியப் பெயரான இம்பீரியாவில் ஆறு நிலைதான், அதிலும் அருமையாகச் செய்யலாம் என்றாலும் புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தடிமன் சின்னச் சின்னப் படியாகக் குறைவது நல்லது, மாவு கிழியாது. பழையது வாங்கினால் வெறுமனே சுற்றிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டாம். உருளைகளை நெருக்கமான நிலைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் தெரியும் கீற்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும்.

கூடவே விற்கிற துணைக்கருவிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள், ஆரம்பத்திலாவது. மெஷினோடு வரும் வெட்டும் பகுதியில் ஆறு மில்லிமீட்டர் சொச்சத்தில் ஒரு நாடாவும் ஒன்றரை மில்லிமீட்டரில் மெல்லிய நூலும் கிடைக்கும். போலோன்யாவில் 1972-இல் வர்த்தகச் சபையில் தாலியாதெல்லே நாடாவின் சரியான அகலத்தைப் பதிவே செய்து வைத்தார்கள், வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், அந்த ஊர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்காம். நம்ம ஊரில் பெரிய கோவில் கோபுரத்தை வைத்து ஓலைப் பக்கோடாவுக்கு அளவு சொன்ன மாதிரி. அந்த அளவுதான் வேண்டும் என்கிறவர்கள் தகட்டில் ரவை தூவிச் சுருட்டிக் கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம், தனி வெட்டுக்கருவி வேண்டாம். ராவியோலி கருவி ஒன்றை நண்பர் இரவல் கொடுத்தார், அதில் மாவு மாட்டிக்கொண்டதை எடுக்கிற நேரத்தில் ஐம்பது கொழுக்கட்டை பிடித்திருக்கலாம்.

மாவு விஷயத்தில் இத்தாலிய சமையல் குறிப்பை அப்படியே நம்பி நான் ஏமாந்தேன். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பார்கள். அவர்கள் முட்டை பெரியது. நமக்கு வரும் நாமக்கல் முட்டை ஓட்டோடு ஐம்பது கிராம் சொச்சம்தான், அந்தக் கணக்கில் பிசைந்தால் மாவு வெடித்து வெடித்துப் போகும். நான் தொண்ணூறு கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை போட்டு, தேவைப்பட்டால் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளிக்கிறேன். முட்டை சேர்க்காத வீடு என்றால் மைதாவும் சிரோட்டி என்கிற மெல்லிய ரவையும் சரிபாதி, வெந்நீர், பத்து நிமிடம் விடாத பிசைவு. சிரோட்டி கிடைக்காவிட்டால் பம்பாய் ரவையை மிக்ஸியில் ஓட்டிச் சலித்துக்கொள்ளலாம், வறுத்த ரவை மட்டும் வேண்டாம். ஆட்டாவில் தவிடு இருப்பதால் ஐந்தாம் நிலையைத் தாண்டினால் கிழிகிறது. எந்த மாவானாலும் அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, பூஜ்யத்தில் ஐந்தாறு முறை மடித்து மடித்து ஓட்டினால்தான் வழவழப்பு வரும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், நாடாக்களைக் கொடியில் காயப்போட்டு அடுத்த வாரம் சமைக்கலாம் என்கிற கனவெல்லாம் வேண்டாம், ரவை தூவிச் சின்னக் கூடு மாதிரி சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் போடலாம்.

கிளாம்ப் பிரச்சினையைத் தீர்த்தது அம்மாதான். மேஜையில் நாங்கள் மூன்று பேர் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "துருவுபலகை மாதிரி ஒண்ணு அடிச்சுக்கோயேன், மேல உக்காந்துட்டா எங்க ஆடும்?" என்றாள். தெருமுனைத் தச்சரிடம் சொல்லி, நான்கு அங்குலக் கால் வைத்த ஒரு பலகை செய்தேன். ஒரு முனையில் மெஷினை மாட்டி, மறு முனையில் உட்கார்ந்தால் மலை மாதிரி நிற்கிறது. முன்னால் ரவை தூவிய தாம்பாளம், தகடு அதில் இறங்கும். வெனெட்டோக்காரர்கள் பிகோலிக்குச் செய்ததும் இதுதான். எனக்குப் படம் பார்த்தபோதே புத்தியில் உறைத்திருக்க வேண்டும்.

மோட்டார் பின்னால் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள், எனக்குத் தேவைப்படவில்லை, பத்து வயது மகளுக்குச் சுற்றுவதுதான் பிடித்த வேலை. கிச்சன்எய்ட் மாதிரி பெரிய மிக்ஸர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதற்கான உருளையை வாங்குங்கள், உருளைக்காக மிக்ஸர் வாங்காதீர்கள். அப்புறம், வாங்கியதைப் பரணில் ஏற்றாதீர்கள், ஏற்றினால் அதோடு சரி. எங்களுடையது மேடைக்கு அடியில் எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில், டோஸ்டர் இருந்த இடத்தில் இருக்கிறது. டோஸ்டர்தான் பரணுக்குப் போனது.

உண்மையைச் சொன்னால் பாஸ்தா மாதத்துக்கு ஒருமுறைதான் செய்கிறோம். மெஷினை அதிகம் எடுப்பது அம்மா. போன தீபாவளிக்குச் சோமாஸ் மாவை ஐந்தாம் நிலையில் ஓட்டி, டப்பா மூடியால் வட்டமாக வெட்டி, இருநூறு சோமாஸை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டாள். கலகலாவுக்கும் முயன்று பார்த்தோம், சர்க்கரை சேர்த்த மாவு உருளையில் ஒட்டிக்கொள்கிறது, அதை மட்டும் பழையபடி கட்டையிலேயே தேய்க்கிறோம்.