142/92 என்று அட்டையில் எழுதிவிட்டார்கள், இனி என்ன?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிளினிக்கில் சிஸ்டர் ஒரு கர்ப்பிணிக்குப் பிரஷர் பார்க்கிறார். கையில் கட்டும் பட்டையான கஃபைக் கழற்றிவிட்டு மறுபடியும் கட்டுகிறார். இரண்டாம் முறையும் 142/92. சிறுநீர்ப் பட்டையில் புரதம் ஒரு பிளஸ். பிரீஎக்லாம்ப்சியாவாக, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோயாக, இருக்கலாம் என்று அட்டையில் எழுதி, சாட்ஸ்வொர்த்தில் இருப்பவரை ஆர்.கே.கான் மருத்துவமனைக்கும், ஃபீனிக்ஸில் இருப்பவரை மகாத்மா காந்தி மருத்துவமனைக்கும் அன்றைக்கே போகச் சொல்கிறார். பெண்ணுக்கோ உடம்பில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தானே இருக்கா. டர்பன் வெயில்ல நடந்து வந்ததுல ஏறியிருக்கும். திங்கட்கிழமை போய்க்கலாம்."

திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். இந்த நோயில் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுவதற்கு எந்த மதிப்பும் இல்லை. நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் ரத்தக் குழாய்கள் போதுமான அளவு விரியாமல் போனால், பிற்பாதியில் நஞ்சுக்கொடி ரத்தத்துக்குத் தவித்து, தாயின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும் பொருட்களை வெளியிடுகிறது. சிறுநீரகம், ஈரல், மூளை எல்லாம் மெல்ல மெல்லப் பாதிக்கப்படும்போதும் தொடக்கத்தில் வலி எதுவும் இருக்காது. அதனால்தான் 20 வாரத்துக்குப் பிறகு மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்றை எட்டினாலே கணக்கில் எடுக்கிறார்கள். பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியேறினால்தான் நோய் இறங்கும். மாத்திரைகள் பிரஷரைப் பிடித்து வைத்து நாட்களை வாங்கித் தரும், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் சில மணி நேர இடைவெளியில் பிரஷரைத் திரும்பப் பார்ப்பார்கள். ரத்தத்தில் பிளேட்லெட், கிரியாட்டினின், ஈரல் என்சைம்கள் பார்ப்பார்கள். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, கிரியாட்டினின் 90 மைக்ரோமோலைத் தாண்டினாலோ நிலைமை கடுமை என்று பொருள். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 30ஐ (மி.கி./மில்லிமோல்) எட்டினால் புரதம் உண்மையாகவே கசிகிறது. சிறுநீரில் புரதம் இல்லாமலே, ரத்தப் பரிசோதனை கெட்டிருந்தால் அதுவும் பிரீஎக்லாம்ப்சியாதான். "புரதம் இல்லையே, அப்ப ஒண்ணுமில்ல" என்று யாராவது சொன்னால் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அளவும் தெரியும்.

உறுதியானால் பெரும்பாலும் வார்டிலேயே வைத்துக்கொள்வார்கள். 37 வாரம் ஆகிவிட்டால் பிரசவத்தை வரவழைப்பார்கள். அதற்கு முன் கடுமையானால் 34 வாரத்திலேயே, சில சமயம் இன்னும் முன்னதாகவும் எடுக்க வேண்டி வரும். 34க்கு முன்பு என்றால் குழந்தையின் நுரையீரல் பழுக்க பீட்டாமெத்தசோன் ஊசி, 12 மி.கி. வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, சந்தேகம் இருக்கிறது, இன்னும் உறுதியாகவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பெண்களைப் பற்றி. அரசுக் கிளினிக்கின் எட்டு வருகைகளில் பிந்தியவை 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில் வருகின்றன. 30க்கும் 34க்கும் நடுவே முழுசாக நான்கு வாரம். இந்த நோய்க்கு நான்கு நாள் போதும். எனவே சந்தேகம் எழுந்துவிட்டால் வழக்கமான தேதி செல்லாது. வாரம் இரண்டு முறையாவது பிரஷரும் சிறுநீரும் பார்க்க எங்கே வரணும், எந்தக் கிழமை என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டில் மெஷின் வைத்திருந்தால் நல்லது. கிளிக்ஸ், டிஸ்கெம் போன்ற மருந்துக் கடைகளில் வாங்கும்போது மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சான்று பெற்ற மாடலா என்று கேளுங்கள். சாதாரண மெஷின்கள் பல, இந்த நோயில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கஃபின் அளவு இன்னும் முக்கியம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 33 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய கஃப் தேவை. சின்னக் கஃப் பருமனான கையில் இல்லாத பிரஷரைக் காட்டும். நன்றாக இருக்கிற பெண்ணைப் பயமுறுத்தி வார்டில் படுக்க வைப்பதும் அதே சின்னக் கஃப்தான்.

அளக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட உட்காருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. டீ, காபி குடித்திருந்தால் அரை மணி கழியட்டும். ஐந்து நிமிடம் பேச்சில்லை, ஃபோன் இல்லை. வளைகாப்பு வளையல்களைக் கீழே தள்ளிவிட்டு, கஃபின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கும்படி, வெறும் தோலில் கட்டுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கையை இறுக்கி எண்ணைக் கெடுக்கும். கையை மேசை மேல் தலையணை வைத்து நெஞ்சு உயரத்தில் வையுங்கள். கை தொங்கினால் எண் ஏறும். இடது பக்கம் படுத்துக்கொண்டு, மேலே இருக்கும் வலது கையில் அளந்தால் எண் இறங்கும், அந்த எண்ணை நம்பி நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை அளந்து இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் போதும். மணிக்கு ஒரு தரம் அளந்தால் பயமே பிரஷரை ஏற்றும்.

வீட்டில் 135/85ஐத் தாண்டி நின்றால் அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். 140/90 என்றால் அன்றைக்கே நேரில் போங்கள். 160 அல்லது 110ஐத் தொட்டால், 15 நிமிடத்தில் ஒரு முறை திரும்ப அளந்து பார்த்துவிட்டு உடனே மருத்துவமனை. அந்த அளவில் மூளையில் ரத்தக் கசிவு வரும் ஆபத்து உண்டு.

சிறுநீர்ப் பட்டை வீட்டில் பார்ப்பவர்கள், முதலில் கொஞ்சம் போகவிட்டு, நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். வெள்ளைப்படுதல் கலந்தால் பொய்யாகப் புரதம் காட்டும், அதனால் முதலில் தண்ணீரால் துடைத்துக்கொள்ளுங்கள். பட்டையை நனைத்து, ஓரத்தைத் தட்டி, 60 நொடியில் பாருங்கள். மஞ்சள் நிறம் பச்சைப் பக்கம் போகப் போகப் புரதம் அதிகம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்த நிறம் செல்லாது. டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்தால் இங்கத்திய ஈரக் காற்றில் பட்டைகள் கெட்டுவிடும்.

அறிகுறிகளில் கால் வீக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிப்ரவரி வெயிலில் யாருக்குத்தான் கால் வீங்காது? முகமும் கையும் திடீரென வீங்குவதுதான் கவனிக்க வேண்டியது. நேற்று சுலபமாகச் சுழன்ற வளையல் இன்று கையில் பதிந்து கோடு போடுகிறது, மோதிரம் கழலவில்லை, காலையில் கண்ணிமை தடித்திருக்கிறது என்றால் பிரஷர் பார்க்கும் நேரம் அது.

தலைவலி விடாமல் இருந்தால், இரண்டு பனாடோ (பாரசிட்டமால்) போட்டும் அடங்காவிட்டால், கிளம்புங்கள். கிராண்ட்பா பொடி வேண்டாம். பல வீட்டு அலமாரியில் இருக்கும் அந்தப் பொடியில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின் மூன்றும் இருக்கின்றன. பிரசவத்தை நெருங்கும் பெண்ணுக்கு அவ்வளவு ஆஸ்பிரின் ரத்தப்போக்கைக் கூட்டும். கண்ணில் மின்னல் வெட்டுவது, பூச்சி பறப்பது, பாதிப் பார்வை மங்குவது, மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, இவற்றில் எதுவானாலும் மறுநாள் வரை விட வேண்டாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ வரும் வலி. கறி சாப்பிட்டது, ஊறுகாய் சாப்பிட்டது, அசிடிட்டி என்று கவிஸ்கான் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். வீங்கிய ஈரல் தன் உறையை இழுப்பதால் வரும் வலி அது. நெஞ்செரிச்சல் தொண்டை வரை எரியும், மருந்து குடித்தால் சற்று தணியும். இந்த வலி ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து நிற்கும், குமட்டலும் வாந்தியும் சேரும். ஹெல்ப் என்னும் கடுமையான நிலையில் ஈரல் கெட்டு பிளேட்லெட் விழும்போது, பிரஷர் அவ்வளவாக ஏறாமலேகூட இந்த வலி வரலாம். ஆகவே மெஷினில் எண் நன்றாக இருக்கிறது என்று இந்த வலியோடு வீட்டில் இருக்கக் கூடாது.

மருந்தில் இங்கே முதலில் தருவது மெத்தில்டோபா, 250 அல்லது 500 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. முதல் சில நாள் தூக்கமாக வரும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு பிரஷர் மாத்திரையான நிஃபெடிபின் சிலருக்கு முகம் சிவந்து தலைவலி தரும். அது மாத்திரையின் தலைவலியா நோயின் தலைவலியா என்று வீட்டில் பிரித்துப் பார்க்க முயல வேண்டாம், பிரஷரை அளந்து கேளுங்கள். ஏற்கெனவே பிரஷருக்கு எனலாபிரில் சாப்பிட்டவர்கள் அதைத் தொடரவே கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உப்பை அடியோடு நிறுத்துவதாலோ, பார்லித் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதாலோ நோய் இறங்காது. வீக்கம் வடிய நீர் மாத்திரை கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு ஜூலு அம்மாக்கள் அன்போடு தரும் இசிஹ்லம்பேசோ என்னும் கர்ப்பகால மூலிகைக் கஷாயமும் வேண்டாம். அதில் எந்தெந்த மூலிகை, எவ்வளவு என்று கணக்கு கிடையாது, சில கருப்பையை முறுக்கிச் சுருங்கச் செய்யும். புரட்டாசி விரதத்தில் சைவமாக இருப்பதில் தடையில்லை. பட்டினியும் தண்ணீர் குறைப்பதும் ஆகாது.

கிளம்பும் ஏற்பாட்டை இன்றைக்கே செய்து வையுங்கள். அட்டை, அடையாளப் பத்திரம், பிரஷர் எழுதிய தாள், மாத்திரைகள் ஒரே பையில். அரசு ஆம்புலன்ஸ் 10177, செல்ஃபோனில் 112. அது வரத் தாமதமானால் இரவு இரண்டு மணிக்கு எழுப்பக்கூடிய, கார் வைத்திருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு நேராகப் போய்ச் சேர முடியாது, மற்ற மருத்துவமனை அனுப்பினால்தான் எடுப்பார்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருப்பவர்கள் எந்த மருத்துவமனையில் பிள்ளை ஐசியூ இருக்கிறது என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் முற்றி வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, இடிபடும் சாமான்களை நகர்த்தி, நேரத்தைக் குறித்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மருத்துவமனையில் கடுமையானவர்களுக்குத் தரும் மருந்து மக்னீசியம் சல்ஃபேட். வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 2002இல் வெளியான மாக்பை ஆய்வு காட்டியது. இங்கத்திய முறையில் முதல் அளவு 14 கிராம்: நரம்பில் 20 நிமிடமாக 4 கிராம், இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமான ஊசி. பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம். நரம்பில் ஏறும்போது நெருப்பு பிடித்ததுபோல் உடம்பு முழுக்கச் சூடு பரவும், ஊசி போட்ட இடம் கடுமையாக வலிக்கும். ஒவ்வாமை என்று நினைத்து வீட்டார் கத்த வேண்டாம், அது அந்த மருந்தின் இயல்பு. அளவு மீறினால் முதலில் முழங்கால் தட்டினால் வரும் உதறல் மறையும், பிறகு மூச்சு மந்தமாகும். அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் முழங்காலைத் தட்டி, மூச்சை எண்ணி, சிறுநீரின் அளவைப் பார்க்கிறார்கள். மாற்று மருந்தான கால்சியம் குளூக்கோனேட் 1 கிராம் பக்கத்திலேயே இருக்கும்.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீடு திரும்புவது இரண்டாவது பெரிய ஏமாற்றம். பிரஷர் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி உச்சிக்கு ஏறும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் வரும், ஆனால் ஆறு வாரம் வரை வரலாம். விருந்தாளி வருகிற, தூக்கம் கெடுகிற அந்த வாரத்தில்தான் தலைவலியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மாமியாரும் கணவரும் அந்த ஆறு நாளும் காலை மாலை அளந்து எழுதுங்கள், கிளினிக்கின் ஆறாம் நாளுக்குள்ளான வருகையைத் தவற விடாதீர்கள். மெத்தில்டோபாவைப் பிரசவத்துக்குப் பின் வேறு மாத்திரைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அது மனச்சோர்வைக் கூட்டும். தாய்ப்பால் தரும்போது எனலாபிரில் சாப்பிடலாம். தையல் வலிக்கு புரூஃபன் வகையை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

ஆறாம் வாரத்திலும் பிரஷர், சிறுநீர் இரண்டையும் பாருங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் பிரஷர் இறங்காவிட்டால் அது நிரந்தரப் பிரஷர், தனியாக மருத்துவம் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம், ஊசியோ லூப்போ கேளுங்கள். அட்டையில் பிரஷரும் ரத்தப் பரிசோதனையும் எழுதிய பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த கர்ப்பத்தில் முதல் வருகையிலேயே அதைக் காட்டினால் 12ஆம் வாரத்திலிருந்து, தள்ளிப்போனாலும் 16க்கு முன்பாக, குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாம். கால்சியத்தைக் கூடவே தருவார்கள். அதை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் சில மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் ஏறாது.