ஐடிலிங் சரியில்லை என்று வந்த ஜிப்ஸி

“அண்ணா, நான் பிரேக்கைப் பற்றிக் கேட்கவே இல்லையே” என்றான் அந்தத் தம்பி. உண்மைதான். குன்னூர் பெட்போர்டு ஏற்றத்தில் கிளட்சை மிதித்தால் என்ஜின் அணைந்துவிடுகிறது, ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் ஓட்டத்தை, சரிசெய்து கொடுங்கள் என்றுதான் தன் மாருதி ஜிப்ஸியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தான். பேச்சைப் பிரேக் பக்கம் இழுத்தவன் நான்.

எனக்கு முன்பே இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறான். ஐடில் வால்வு புதிது, ஆக்சிஜன் சென்சார் புதிது. பிளக்கும் புதிதுதான்; கழற்றினால் நான்கிலும் கரி. கோளாறு கீழே சமவெளியில் யாரோ மாற்றிக்கொடுத்த கேம்ஷாஃப்டில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டில், இருந்தது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு வெகு முன்னரே, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைத் திறந்துவிடும் கேம் அது. வேகத்தில் அது லாபம். ஐடிலிங்கிலோ காற்று வரும் வழியை அடைக்கும் த்ராட்டில் மூடியிருப்பதால், எரிந்த புகையே மேனிஃபோல்டுக்குள், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்க்குள், திரும்பி வருகிறது. ஒரு சிலிண்டர் எரியும், அடுத்தது தவறும். அந்தத் தடதடப்பு அவனுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் ஸ்க்ரூவை அரைத் திருகு திருகிச் சமாளித்திருப்பேன். ஜிப்ஸியில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான ஈசியூ, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துத்தான் காற்றைக் கணக்கிடுகிறது. புகை திரும்பி அழுத்தம் ஏறினால், காற்று கூடுதலாக வந்துவிட்டதாக நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். எரியத் தவறிய சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். இரண்டு தவறும் ஒரே பக்கம் சாய்கின்றன. சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் புதியதும் அதையேதான் சொல்லும்.

ஸ்கேனரில் 35 கிலோபாஸ்கல் அளவில் நிற்க வேண்டிய மேனிஃபோல்டு அழுத்தம் 50க்கும் 58க்கும் இடையே குதித்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பிரேக் நினைவு வந்தது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தமே இங்கு ஏறக்குறைய 82தான். கடல் மட்டத்தில் 101. பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டருக்குக் கிடைப்பது வெளிக்காற்றுக்கும் மேனிஃபோல்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது வேக்கம், மட்டுமே. மேட்டுப்பாளையத்தில் இதே வண்டியில் 40க்கு மேல் இருந்திருக்கும். இங்கே 30கூட இல்லை. அவனை உட்காரவைத்து, ஐடிலிங்கில் பிரேக்கை அடுத்தடுத்து மிதிக்கச் சொன்னேன். மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. அவன் முகத்திலும் அது தெரிந்தது.

பழைய கேமைப் போட்டால் வேலை செய்கிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத்தானே வருகிறேன்? 3,000 ஆர்பிஎம்மில் வேக்கம் நிறைய இருக்குமே. ஐடிலிங்கில் வண்டி சும்மாதானே நிற்கிறது?”

சரியான கேள்வி. அந்த வேகத்தில் இந்தக் கேமும் நல்ல வேக்கம் கொடுக்கும். எனக்குப் பதில் வரவில்லை. அவன் போன பிறகு வந்தது: பயந்தவன் வளைவுக்கு முன் கிளட்சையும் சேர்த்து மிதிப்பான், என்ஜின் ஐடிலிங்குக்கு விழும். ஆனால் பூஸ்டரில் வேக்கத்தைப் பிடித்துவைக்கும் ஒருவழி வால்வு இருக்கிறதே, முதல் மிதிக்கு அது தாங்குமே என்று அந்தப் பதிலையும் நானே அறுத்துக்கொண்டேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கும்போது மிதித்து மிதித்து விடுகிறோமே, அப்போது? அது நிற்கிற வாதம்தான். அவனிடம் சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது வைத்திருப்பான்.

வேறொரு பட்டறையில் த்ராட்டிலைச் சற்றுத் திறந்துவைத்து ஐடிலிங்கை ஏற்றிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது அணைவதில்லை என்று கேள்வி. அந்த வேலை எனக்கும் தெரியும். அரை மணி நேரம் ஆகாது.

கேம் எல்லாமே ஒன்றல்ல. வால்வைத் தள்ளும் புடைப்புகளான லோப்களின் மையங்களுக்கு இடையே 112, 114 டிகிரி இருந்தால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறையும், ஈசியூ பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனோடு ஒத்துப்போகும். 106 என்றால் சண்டைதான். அதனால்தான் கேமோடு வந்த அளவுச் சீட்டைக் கேட்டேன், அவனிடம் இல்லை, சீட்டு இல்லாத கேமுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. கேட்பவர்களிடம் இப்படித்தான் சொல்லி வருகிறேன். ஆனால் நான் சீட்டைக் கேட்டது, முடியாது என்று சொன்ன பிறகு.