பிக்கப்புக்கு லோயர் ஆர்ம் மாற்றும்போது: உப்பும் துருவும் கடைசி இறுக்கமும்

லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தைச் சேஸிஸோடு சேர்க்கும் கீழ்க் கை) மாற்றிய ஆறாவது மாதமே புஷ் (அதன் உள்முனையில் இருக்கும் ரப்பர் வளையம்) கிழிந்துவிட்டது, பார்ட்ஸ் டூப்ளிகேட் என்று புலம்புகிறவர்கள் அதிகம். டூப்ளிகேட் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல பார்ட்ஸையும் ஆறே மாதத்தில் கொல்ல ஒரு வழி உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவதுதான் அது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டிக்கு ஆர்ம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவற்றில் முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங்தான், அவற்றுக்கு இந்தப் பதிவு பயன்படாது. இசுசு டி மேக்ஸில் மேலும் கீழும் ஆர்ம், நடுவே காயில் ஸ்பிரிங். டாடா ஜெனானிலும் இரண்டு ஆர்ம் உண்டு, ஆனால் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி). இங்கே சொல்லப்போவது டி மேக்ஸ் போல ஷாக்கும் காயிலும் ஒரே செட்டாக லோயர் ஆர்மில் உட்காரும் அமைப்பைப் பற்றி.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த ஆர்முக்கு இரண்டு எதிரிகள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக் குழிகளில் இறங்கி ஏறும் வண்டிக்குப் புஷ் கிழியும், ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட் லூஸாகும். முட்டம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன் ஏற்றும் வண்டிக்கு வேறு வியாதி. தளத்தில் தேங்கிக் கிடக்கும் உப்புத் தண்ணீரை முன் சக்கரம் வாரி ஆர்ம் மேல் அடிக்கும். அதில் போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மலை வண்டியில் அரை நாளில் முடிகிற வேலை கடலோர வண்டியில் இரண்டு நாள் இழுப்பது இதனால்தான்.

பிரேக் பிடிக்கும்போது முன்னால் ஒரே ஒரு 'டக்', குழியில் இறங்கினால் 'டக் டக்', நேர் ரோட்டில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பது, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது ஆகியவை அறிகுறிகள். சத்தத்தை மட்டும் நம்பி ஆர்ம் வாங்கிவிடாதீர்கள். ஸ்டெபிலைசர் லிங்க்கும் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு) இதே சத்தம் போடும், அதன் விலையோ சொற்பம்.

பால் ஜாயின்ட் சோதனையில் ஜாக்கி வைக்கும் இடம் முக்கியம். ஜாக்கியைச் சேஸிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். ஜாயின்டில் ஆட்டம் இருந்தாலும் தெரியாது. லோயர் ஆர்முக்கு அடியில், ஜாயின்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தூக்குங்கள். டயருக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பும்போது ஜாயின்ட் மேலும் கீழும் ஆடினால் அது போய்விட்டது. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். பக்கவாட்டில் ஆடினால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் கம்பியின் முனை) சந்தேகிக்கலாம்.

வாங்கவேண்டியது புஷ்ஷும் பால் ஜாயின்டும் பொருத்தி வரும் முழு ஆர்ம். பழைய ஆர்மில் புதுப் புஷ் மட்டும் பிரஸ் போட்டு ஏற்றுவது மலிவுதான். ஆர்ம் வளையாமலும் துரு தின்னாமலும் இருந்தால் அதையே செய்யலாம். கடலோர வண்டியில் ஆர்மின் தகடு அடுக்கடுக்காக உரிந்திருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். கேம் போல்ட் (ஆர்மின் உள்முனையைப் பிடிக்கும், திருகினால் சக்கரத்தின் கோணம் மாறும் போல்ட்), கேம் தகடு, நட் ஆகியவற்றையும் ஸ்பிளிட் பின்னையும் கூடவே வாங்கி வைத்துக்கொண்டுதான் வண்டியைத் தூக்கவேண்டும். பழைய போல்ட்டை அறுத்தபிறகு புதிது கிடைக்கவில்லை என்றால் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். இடது, வலது மாறிவிடாமல் பழைய ஆர்மோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிடுங்கள்.

முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் போல்ட் முனையைத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரேயை இரண்டு மூன்று தடவை அடித்து ஊறவிடுங்கள். அப்படியே கேம் தகடு நிற்கும் இடத்தைப் பிராக்கெட்டில் பெயின்டால் கோடு போட்டுக் குறியுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கும்போது வீல் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு) விளிம்புவரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை எழுதியும் வையுங்கள். கடைசியில் அதுதான் கை கொடுக்கும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், தரையில் இருக்கும்போதே வீல் நட் இளக்கல், பிறகு தூக்கிச் சேஸிஸில் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஒரு பக்க ஆர்ம்தான் மாற்றுகிறீர்கள் என்றாலும் முன்பக்கம் இரண்டையும் தூக்குங்கள். ஒரு சக்கரம் மட்டும் தொங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கோடு நிற்கும், லிங்க் போல்ட் கழற்றவும் மாட்டவும் படுத்தும்.

சக்கரம், ஸ்டெபிலைசர் லிங்க், ஏபிஎஸ் வயரின் கிளிப் இவற்றைக் கழற்றியபின் ஆர்முக்கு அடியில் ஒரு ஜாக்கியை முட்டுக்கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுக்கவேண்டும். ஷாக்கின் உச்சியில் நடுவே இருக்கும் நட்டைத் தொடவே வேண்டாம். அழுத்திவைத்த காயிலை அடக்கிப் பிடித்திருப்பது அதுதான். இதுவே ஸ்பிரிங் ஷாக்கோடு சேராமல் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் தனியாக நிற்கும் வண்டியாக இருந்தால், ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பாயும் காயில் ஆளைக் கொல்லும்.

பால் ஜாயின்ட் நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து மரை மிச்சம் வைத்து, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டின்) காதுப் பக்கத்தில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி. டேப்பர் (ஜாயின்டின் கூம்புத் தண்டு) விட்டுப் போகும்போது நக்கிள் பாயாமல் அந்த நட் தாங்கிக்கொள்ளும். மரை முனையில் அடித்தால் மரைதான் நசுங்கும். பிறகு நக்கிளைக் கம்பியால் மேலே கட்டிவையுங்கள். பிரேக் ஹோஸில் எடை தொங்கக் கூடாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் நக்கிள் வெளியே அதிகம் சாய்ந்தால் ஆக்ஸிலின் உள் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும், அதன் ரப்பர் உறையும் (பூட்) கிழியும்.

இனி உள்பக்கப் போல்ட்டுகள். நட் கழன்றுவிட்டது, போல்ட்டைத் திருகினால் கொஞ்சம் திரும்பி, விட்டதும் ரப்பர் போலப் பழைய இடத்துக்கே துள்ளி வருகிறதா? உள்குழாயோடு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் திருகுவது போல்ட்டை அல்ல, புஷ்ஷின் ரப்பரை. சம்மட்டியால் போல்ட் முனையை அடித்துக் காளான் மாதிரி விரிப்பதில் பயனில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கினால் ரப்பர் தீப்பிடித்துக் கரும்புகை கக்கும்; பக்கத்திலேயே பிரேக் ஹோஸ். நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் அறுப்பதுதான் வழி. ஆர்மும் புஷ்ஷும் எப்படியும் போகிறவைதான் என்பதால் 1 மி.மீ. கட்டிங் வீலால் அவற்றை வெட்டி வழி செய்து, பிராக்கெட்டின் உள்முகத்துக்கும் குழாய் முனைக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடைவிட்டு இரு பக்கமும் போல்ட்டை அறுக்கலாம். பிராக்கெட்டில் கீறல் விழக் கூடாது. தீப்பொறி டீசல் லைன் பக்கம் போகாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள்.

அலைன்மென்ட் கடையில் 'இந்த வண்டிக்கு கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) அட்ஜஸ்ட் ஆகாது' என்று திருப்பி அனுப்புவதற்கும் பெரும்பாலும் இந்த ஒட்டிப்போன கேம் போல்ட்தான் காரணம்.

ஆர்ம் வெளியே வந்ததும் பிராக்கெட்டைச் சுரண்டிப் பாருங்கள். விரிசலோ, கேம் தகடு உட்காரும் விளிம்பில் துரு தின்ற இடமோ இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். புதுப் போல்ட்டின் மரையில்லாத தண்டில், குழாய்க்குள் நிற்கும் பகுதியில் மட்டும், ஆன்டி சீஸ் (துருவால் ஒட்டாமல் தடுக்கும் பசை) பூசுங்கள். அடுத்த முறை அறுக்க வேண்டிவராது. பால் ஜாயின்ட் டேப்பரில் கிரீஸ் வேண்டாம், துடைத்துக் காய்ந்திருக்கவேண்டும். நட்டைத் திருகும்போது ஜாயின்டும் கூடவே சுற்றினால் ஜாக்கியால் ஆர்மைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், டேப்பர் பிடித்துக்கொள்ளும். ஸ்பிளிட் பின் துளை நேராகவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் நேராக்கணும், இளக்கி அல்ல.

உள்பக்கக் கேம் போல்ட்டுகளையும் ஷாக்கின் கீழ் போல்ட்டையும் இப்போது கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். காரணம் இதுதான்: இந்தப் புஷ் பேரிங் போலச் சுற்றுவதில்லை. உள்குழாயைப் போல்ட் பிராக்கெட்டோடு இறுக்கிப் பிடிக்கும், வெளிக்குழாய் ஆர்மோடு போகும், நடுவில் ஒட்டியிருக்கும் ரப்பர் முறுகிக் கொடுக்கும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் ஓய்வுநிலை. வண்டியை இறக்கியதுமே அது முறுகி நிற்கும், இரவு முழுக்க நிறுத்தி வைத்தாலும் முறுக்கு விடாது. அதற்குமேல் குழி வந்தால் கிழியாமல் என்ன செய்யும்?

ஆகவே ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்து, வீல் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை முன்பு எழுதிவைத்த அளவு வரும்வரை தூக்குங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்த அளவுக்கு முன்பே எழும்பப் பார்த்தால், சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் இரண்டடி உருட்டிவிட்டு இறுக்கலாம். கேம் குறிகளைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவந்து டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள். பிக்கப்புகளில் இது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும், ஆள் பலத்தைக் கொண்டு ஊகிக்கிற காரியம் இல்லை.

பழைய கோடு அலைன்மென்ட் கடைவரை போய்ச்சேர மட்டுமே. லோடு ஏற்றும் முன்பே வண்டியை அங்கே கொண்டுபோய் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர், கடைசியில் டோ (சக்கரங்கள் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பும் அளவு) என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். டோவை மட்டும் பார்த்து அனுப்புகிற கடைக்கு ஆர்ம் மாற்றிய வண்டியைக் கொடுக்காதீர்கள். சுமார் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டையும் ஆர்ம் போல்ட்டையும் மறுபடி ரெஞ்ச் போட்டுப் பாருங்கள்.

துருவுக்கு மருந்தென்று மழைக்கு முன்னால் அடிப்பாகம் முழுக்க கரி ஆயில் (பழைய இன்ஜின் ஆயில்) அடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. சேஸிஸுக்கு அடிக்கலாம், புஷ் மேல் பட வேண்டாம். ரப்பர் விளைகிற ஊரில் இதைச் சொல்லத் தேவையில்லைதான். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி நொளநொளத்துவிடும். மீன் வண்டிக்கு அன்றன்றைக்கு ஓஸ் பைப்பில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினாலே போதும். பிரஷர் வாஷர் என்றால் முனையைப் பால் ஜாயின்டின் ரப்பர் உறைக்கு நேராகக் காட்டாதீர்கள். விளிம்பு வழியே தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கெட்டுவிடும்.