கூடத்துக் கணினியை மறுபடி நிறுவிய கதை

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் மர அலமாரியில், 2014இல் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி வந்து நானே பூட்டிய கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் ஐ3-4130, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், படங்களைப் போட்டு வைக்க 2 டிபி ஹார்ட் டிஸ்க், பின்னாளில் சேர்த்த 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. பெயருக்கு அது என்னுடையது என்றாலும், அதைத் தினமும் பயன்படுத்துபவர் என் அம்மாதான். 1998இல் போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் பாரதம் வைத்தபோது, உறவினர் ஒருவர் ஆறு இரவுக் கூத்தை விஎச்எஸ் கேமராவில் எடுத்திருந்தார். நாடாக்களில் பூஞ்சை ஏறத் தொடங்கியதும் 2006இல் அவற்றை டிவிடிக்கு மாற்றினோம். பிறகு அந்தப் பதினேழு டிவிடிகளும் ஹார்ட் டிஸ்க்குக்குள் போயின. அம்மா மாலையில் விளக்கு வைத்த பிறகு அதில் ஒரு மணி நேரமாவது பார்ப்பார்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு என் மதர்போர்டில் இல்லை. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பொதுவாக அதன் பட்டியலிலேயே கிடையாது, என்னுடையதோ நான்காம் தலைமுறை. பாதுகாப்பு இற்றைகளை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பெற ஒரு நீட்டிப்பு இருக்கிறது என்பதும், பட்டியலில் இல்லாத கணினியில் விண்டோஸ் 11ஐ ஏற்றச் சுற்றுவழிகள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பெட்டி நாள் முழுக்கச் செய்வது என்ன என்று யோசித்தபோது, அது விண்டோஸைத் திறந்து, அதற்குள் படம் பார்க்க உதவும் கோடி (Kodi) என்ற மென்பொருளைத் திறந்து, பிறகு இரண்டையும் மூடுகிறது, அவ்வளவுதான். கோடிக்காகவே உருவாக்கப்பட்ட லிப்ரெலெக் என்ற இயங்குதளம் இருக்கும்போது நடுவில் இன்னொன்று எதற்கு என்று முடிவு செய்தேன். ஓடிடி தளங்களை மட்டும் தொலைக்காட்சியிலேயே இருக்கும் ஆப்களுக்கு மாற்றிவிட்டேன். உரிமப் பூட்டு போட்ட தளங்களை நல்ல தெளிவில் பார்க்க லிப்ரெலெக் ஏற்றதல்ல. அதற்காக அதை நிறுவுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். முதலில், கோடியில் எந்தெந்தப் படங்களைப் பார்த்து முடித்தோம், எதை எங்கே நிறுத்தினோம் என்ற குறிப்புகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்துப் பயனில்லை, ஏனென்றால் அதற்குள் ஒவ்வொரு கோப்பின் முகவரியும் டி டிரைவ் என்று விண்டோஸ் பாணியில் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் அடிப்படையிலான புதிய அமைப்பில் அதே கோப்பின் முகவரி வேறு. ஆகவே கோடியின் படப் பட்டியலான நூலகத்தைத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்தேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு சிறு என்எஃப்ஓ கோப்பு உட்கார்ந்துகொள்ளும். புதிய கோடி படத்தைச் சேர்க்கும்போது அதைப் படித்து, பார்த்தது பார்க்காதது எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தேன். வேகத் தொடக்க வசதி இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் உள்ள, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிஸ்க்கை லினக்ஸிடம் கொடுத்தால் அது எழுத மறுக்கும், சில வேளைகளில் திறக்கவே மறுக்கும். விண்டோஸை அழித்த பிறகு இது நினைவுக்கு வந்தால், டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு இன்னொரு விண்டோஸ் கணினியைத் தேடிப் போகவேண்டும்.

மூடியைக் கழற்றி, ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 2 டிபி ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கி வைத்தேன். நிறுவும்போது தவறிப்போய் வேறு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மாயமாய் மறைவது திரைப்படங்கள் மட்டுமல்ல. வேறெங்கும் முழுமையான நகல் இல்லாத கூத்தும்தான். (இருந்த டிவிடிகளில் நான்கு இப்போது படிப்பதில்லை.) கேபிள் இல்லாமல் ஒருமுறை இயக்கிப் பார்ப்போம் என்று பவர் பொத்தானை அழுத்தினேன். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று வந்தது.

எஸ்எஸ்டி செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். அதே வரிதான் வந்தது. கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸிலோ எஸ்எஸ்டி நன்றாகத் தெரிந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் 2017இல் நான் செய்தது நினைவுக்கு வந்தது. எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவியபோது, பழைய ஹார்ட் டிஸ்க்கையும் இணைத்த நிலையிலேயே நிறுவியிருந்தேன். அப்படிச் செய்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் அமர்ந்தாலும், அதைத் தொடங்கிவைக்கும் சிறு பகுதி முதல் இடத்தில் இருக்கும் இன்னொரு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும். எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டு விண்டோஸின் வாசற்படி கூத்து இருந்த டிஸ்க்கில் இருந்திருக்கிறது. வீடு எஸ்எஸ்டியில் இருந்திருக்கிறது. இடையில் அந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருந்தால், நல்ல நிலையில் இருந்த எஸ்எஸ்டியையும் குப்பையில் போட்டிருப்பேன்.

நிறுவலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விண்டோஸின் நிறுவல் கோப்பு ஐந்து ஜிபியைத் தாண்டும். லிப்ரெலெக் 12 சில நூறு எம்பிதான். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள கணினிக்கு ‘ஜெனரிக்’ என்ற பதிப்பை எடுக்க வேண்டும். அக்கா மகனின் மடிக்கணினியில் அதைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்தேன். கேபிளைப் பிடுங்கியிருந்ததால் பட்டியலில் ஒரே ஒரு டிஸ்க்தான் நின்றது. முழுவதும் அழிந்துவிடும், சம்மதமா என்று இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் சம்மதம் சொன்னேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்தது.

முதல் முறை கோடி திறந்து, நேர வலயத்தை இந்தியா என்று அமைத்தபோது பிற்பகல் 3:40. திரையின் மூலையில் இரவு 9:10 என்று காட்டியது. அம்மா எட்டிப் பார்த்து, “அதுக்குள்ள ஒம்போதா ஆயிப்போச்சு?” என்றார். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொதுநேரம் என்று எடுத்துக்கொண்டு, நம் ஐந்தரை மணி நேரத்தை மேலே கூட்டிக்காட்டும். இணையக் கேபிளைச் செருகியதும் தானாகச் சரியாகிவிட்டது.

பிறகு கணினியை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை மாட்டி மீண்டும் இயக்கினால், கோடிக்குப் பதிலாக நீலத் திரை வந்து, கணினியைப் பழுதுபார்க்க வேண்டும் என்றது. இம்முறை பதற்றமில்லை. அந்தப் பழைய வாசற்படி இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பயாஸ் அதன் வழியே நுழைந்து, இல்லாத விண்டோஸைத் தேடுகிறது. பயாஸில் பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலிடத்துக்குக் கொண்டுவந்ததும் சரியாயிற்று. அங்கே போனதோடு, மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழும்படியும் அமைத்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு அது அவசியம்.

அன்றைய நாளின் பெரும்பகுதி போனது படத்தின் அசைவைச் சரிசெய்வதில்தான். நம் நாட்டு விஎச்எஸ் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிவானது: நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்), ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு பாதி என இரண்டாகப் பிரிந்து, நொடிக்கு 50 பாதிகள். தொலைக்காட்சியோ நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் முழு எண் வராது. ஆகவே சில சட்டகங்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் திரையில் நிற்கும். அமைதியாக நின்று வசனம் பேசும் இடத்தில் இது தெரியாது. துரியோதனன் வேடக்காரர் கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சபையைச் சுற்றிச் சுழன்றாடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் எங்கோ இடறுவது போலத் தெரியும். கூடவே, அவருடைய கை வீசும் இடத்தில் விளிம்பெல்லாம் சீப்புப் பல் போலப் பிய்ந்து நிற்கும். இத்தனை நாளும் அதை நாடாவின் குறை என்றே நினைத்திருந்தேன்.

கோடியின் பிளேயர் அமைப்புகளில், படத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் தெரிவு ஒன்று உண்டு. அதைப் படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மாறும்படி வைத்தால், கூத்துக்கு 50 ஹெர்ட்ஸ், திரைப்படத்துக்கு 24 ஹெர்ட்ஸ் என்று தொலைக்காட்சியே மாறிக்கொள்ளும். படம் ஓடும்போது பட அமைப்புகளில், இப்படிப் பாதி பாதியாகப் பிரிந்த படத்தைச் சீராக்கும் டீஇன்டர்லேஸ் முறையாக விஏ-ஏபிஐ பாப் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு பாதியையும் அது தனிச் சட்டகமாக விரித்து, நொடிக்கு ஐம்பதாகக் கொடுத்தது. சீப்புப் பற்கள் மறைந்தன. நியாயமாகச் சொன்னால், புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் வசதி விண்டோஸில் ஓடிய கோடியிலும் இருந்தது. அந்தப் பக்கத்தை இத்தனை ஆண்டுகள் திறந்து பார்க்காதவன் நான்தான். இயங்குதளத்தை மாற்றியதன் முதல் பலன், எல்லா அமைப்புகளையும் ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்ததுதான்.

ஒலியிலும் ஒரு முடிச்சு இருந்தது. பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கணினியிலிருந்து ஆப்டிகல் கேபிள் போகிறது. அந்தக் கேபிளில் சுருக்கப்படாத ஒலி இரண்டு சேனல்தான் போகும். ஆறு சேனல் போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருங்கித்தான் போகவேண்டும். 5.1 ஸ்பீக்கர் இருக்கிறதே என்று சேனல் எண்ணிக்கையில் 5.1ஐத் தேர்ந்தெடுத்தால் காரியம் கெடும். அங்கே 2.0 என்று வைத்து, சுருங்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பாஸ்த்ரூவை இயக்கினால்தான், மற்ற வகை ஒலியை டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் தெரிவே கண்ணில் படும். இரண்டு என்று சொன்னால் ஆறு கிடைக்கும் இந்தக் கணக்கு எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். எச்இவிசி முறையில் சுருக்கிய படங்களை இந்தச் செயலியின் கிராஃபிக்ஸ் தானாகப் பிரிக்காது; சுமை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. முழு எச்டி வரை தாங்குகிறது, 4கே ஓடாது.

மாலையில் நூலகத்தை மறுபடி சேர்த்தபோது திரைப்படங்களின் குறிகளெல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. கூத்துக் கோப்புகளில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அவற்றை நான் எந்நாளும் நூலகத்தில் சேர்த்ததில்லை. வெறும் கோப்புகளாகவே திறந்து பார்த்துவந்தோம். அப்படிப்பட்ட கோப்புகளின் குறிகள் தரவுத்தளத்தில் இருந்தாலும், ஏற்றுமதியில் வருவது நூலகத்தில் சேர்த்தவை மட்டுமே. எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டு, எதற்காக இந்தப் பெட்டியே இருக்கிறதோ அதை விட்டிருக்கிறேன். தரையில் குந்தி மூடியைத் திருகிக்கொண்டே இதை அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“மூணாம் ராத்திரி, தர்மராசா தம்பிங்கள வெச்சித் தோத்த எடத்துல நிறுத்துனேன் கண்ணு. அதுக்கு எதுக்கு உனக்குக் குறி?” என்றபடி ரிமோட்டை வாங்கி, இரண்டே தாவலில் அந்த இடத்துக்குப் போய்விட்டார். சகுனி பகடையை உருட்டிக்கொண்டிருந்தான். கையில் பிசிறு ஒன்றும் இல்லை.

“கொஞ்சம் நகந்து உக்காரு, மறைக்குது” என்றார் அம்மா.